பழுப்பு மருந்தும் பெரிய வெள்ளியும்

பெங்களூரு
14 பிப்ரவரி 2006

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டில் போன் இருக்கும்போது கடிதம் எழுதுகிற ஆள் இந்த உலகத்தில் நீ ஒருத்திதான். உன் இன்லண்ட் கவரை விடுதிக் காவலாளி என்னிடம் தந்தபோது கோர்ட் சம்மன் வந்தவளைப் பார்ப்பது மாதிரி பார்த்தான். தொண்டை கட்டிவிட்டது, பேசினால் காக்கா கத்துவது போல இருக்கிறது, அதனால் போன் வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். அது அந்தப் பழுப்பு இன்ஹேலரால் வருவது. மருந்தை இழுத்தவுடன் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும் என்று கிறிஸ்துமஸ் லீவில் உன்னை மார்த்தாண்டத்துக்குக் கூட்டிப் போனபோதே டாக்டர் சொன்னார். நீ தலையாட்டினாய். நீ தலையாட்டினால் செய்ய மாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

திரும்பவும் சொல்கிறேன். நீல இன்ஹேலர் மூச்சு முட்டும்போது மட்டும். பழுப்பு தினமும் காலையும் இரவும், உடம்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும். அத்தான் கொச்சியில் படகு வேலைக்குப் போய்விட்டால் உன்னைக் கேட்க ஆளில்லை. அதனால்தான் சொன்னதையே சொல்கிறேன்.

இந்தப் பெண் அங்கே என்னதான் செய்கிறாள் என்று, உன்னோடு சந்தையில் கருவாடு விற்கிற ராகேல் அக்கா கேட்டாளாமே. அவளுக்கு விளங்குகிற மாதிரி எழுதுகிறேன், வாசித்துக் காட்டு. நம் மூச்சுக்குழாயில் மெல்லிய நரம்புகள் இருக்கின்றன. புகை, தூசி, குளிர்காற்று எது வந்தாலும் முதலில் அறிந்து இருமலைக் கிளப்புவது அவைதான். இழுப்பு உள்ளவர்களுக்கு அந்த நரம்புகள் ஒன்றுமில்லாததற்கும் அலறும். அலறும்போது ஒரு ரசாயனத்தை வேறு கக்கும், அதில் குழாய் இன்னும் வீங்கிச் சுருங்கும். பழுப்பு மருந்து ஒரு ஸ்டீராய்டு. அது அந்த நரம்புகளை என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. கினிப்பன்றியின் நரம்பில் மிளகாயின் காரச்சத்தை ஒரு சொட்டு காட்டிவிட்டு, நரம்பு எவ்வளவு கத்துகிறது என்று ஸ்பீக்கரில் கேட்பேன். எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி சத்தம் வரும். ஸ்டீராய்டு கொடுத்த பிராணியின் நரம்பு அமைதியாக இருக்கும். சுருக்கமாகச் சொன்னால், உன் மருந்து நரம்பைத் தூங்க வைக்கிறது.

அமைதியாக இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. எனக்கு மட்டும் இரண்டு மாதமாக எல்லா நரம்பும் ஒரே மாதிரி கத்துகிறது. ஏப்ரல் கடைசியில் ஆய்வுக்குழு முன்னால் போய் நிற்க வேண்டும். காட்ட ஒன்றுமில்லையென்றால் மூட்டையைக் கட்டச் சொல்லிவிடுவார்கள். உன்னிடம் தவிர வேறு யாரிடமும் இதைச் சொல்லவில்லை.

உன் தங்கை
ஜிஷா


சேசு மரி சூசை

மண்டைக்காடு புதூர்
3 மார்ச் 2006

என் மக்களே ஜிஷா,

உன் கடிதத்தை ராகேலுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் சிரித்த சிரிப்பில் கருவாட்டுக் கூடை கவிழ்ந்தது. "மெளகா வறுத்தா இருமல் வரும்னு கண்டுபிடிக்கவா இவ பெங்களூருக்குப் போனா? எனக்க அடுக்களைக்கு வந்தா நான் காட்டித் தருவேனே" என்கிறாள். நீ பன்றிக்கு மிளகாய் கொடுப்பதாக திங்கள்சந்தை முழுக்கச் சொல்லிவிட்டாள். இனி நீ அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது.

குழுவை நினைத்து நீ வெப்ராளப்படாதே, கவலையை விடு. நேற்றுமுன்தினம் திருநீற்றுப் புதன். நெற்றியில் சாம்பல் பூசி, தவக்காலம் தொடங்கியாயிற்று. பங்குச்சாமியார் பிரசங்கத்தில் என்னைப் பார்த்தே சொன்னது போல இருந்தது. "மீன விட்டேன், இறைச்சிய விட்டேன்னு எங்கிட்ட கணக்கு சொல்லாதுங்க. எது இல்லாம முடியாதுன்னு நெனைக்கிறியளோ அத விடுங்க. அதுதான் ஒறுத்தல்" என்றார். ராகேல் அங்கேயே வெற்றிலையை விட்டுவிட்டாள். பாவம், இப்போதே வாய் ஊறித் திரிகிறாள்.

நானும் ஒன்றை விட்டிருக்கிறேன். உனக்காக நேர்ந்து விட்டிருக்கிறேன். என்னவென்று கேட்காதே, வெளியே சொன்னால் பலிக்காது. உயிர்ப்பு ஞாயிறு வரை காப்பாற்றிவிட்டால் ஏப்ரலில் உன் குழுக்காரர்கள் வாய் திறக்காமல் கையெழுத்துப் போடுவார்கள். நீ எட்டாம் வகுப்பில் கணக்கில் தோற்றுப்போவேன் என்று அழுதபோதும் நான் நேர்ந்துதான் நீ ஜெயித்தாய். மறந்திருப்பாய்.

மருந்தைப் பற்றிப் பயப்படாதே. மாதா சுரூபத்தின் காலடியில் பத்திரமாக இருக்கிறது.

இந்த வருடமும் பெரிய வெள்ளிக்கு மாதா புலம்பல் பாடுவது என் பொறுப்புதான். அம்மை பாடிய பாட்டை இந்தக் காக்காத் தொண்டையில் எப்படிப் பாடப் போகிறேனோ.

ஒன்று கேட்க வேண்டும். நரம்பைத் தூங்க வைக்கிறது என்று எழுதியிருந்தாயே. பல் பிடுங்குவதற்கு முன்னால் மரத்துப்போக ஊசி போடுவார்களே, அந்த மாதிரியா? பதில் எழுது.

இப்படிக்கு
செசிலி அக்கா


பெங்களூரு
11 மார்ச் 2006

அன்புள்ள அக்காவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். பிராணிகளுக்கு மருந்து கொடுக்க வேண்டும்.

ஒரு நல்ல செய்தி. இந்த வாரம் பதிவு எல்லாம் அழகாக வந்தது. ஸ்டீராய்டு கொடுக்காத நரம்பு பொரிந்து தள்ளுகிறது, கொடுத்தது பூனை மாதிரி கிடக்கிறது. பேராசிரியர் முதல் தடவையாக என் மேசைக்கு வந்து நின்று கேட்டார். உன் ஒறுத்தல் வேலை செய்கிறதோ என்று எனக்கே ஒரு நிமிடம் தோன்றியது. எதை விட்டாய்? டீயா? நீ டீயை விட்டால் வீட்டில் ஒருத்தரும் உன் பக்கம் வர முடியாதே.

மாதா காலடியில் மருந்தை வைத்தது நல்ல யோசனை. காலையும் இரவும் ஜெபத்துக்கு நிற்கும்போது மறக்காமல் எடுத்துவிடலாம்.

மரத்துப்போகிற ஊசியா என்று கேட்டிருந்தாய். கிட்டத்தட்ட அப்படித்தான் என்று வைத்துக்கொள். விவரமாக அப்புறம் எழுதுகிறேன்.

தொண்டை எப்படி இருக்கிறது? ஞாயிறு போன் செய்தேன், அடித்துக்கொண்டே இருந்தது.

ஜிஷா


சேசு மரி சூசை

மண்டைக்காடு புதூர்
20 மார்ச் 2006

என் மக்களே,

உன் வேலை நன்றாக நடக்கிறது என்று வாசித்ததும் கோயிலுக்குப் போய் மெழுகுதிரி ஏற்றிவிட்டுத்தான் சோறு தின்றேன்.

எனக்கும் நல்ல செய்தி உண்டு. தொண்டை திறந்துவிட்டது! மணி மாதிரி. சனிக்கிழமை பாட்டுப் பயிற்சியில் முதல் வரியை எடுத்ததும் பின்னால் நின்ற பெண்கள் பாடாமல் என்னையே பார்த்தார்கள். "அப்பிடியே உங்க அம்மைக்க தொண்டைட்டி" என்று ராகேல் கண்ணைத் துடைத்தாள். அவள் வெற்றிலை இல்லாத துக்கத்தில்கூட அழுதிருக்கலாம்.

மண்டைக்காட்டு அம்மன் கொடைத் திருவிழா முடிந்து இப்போதுதான் ஊர் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. பஸ்ஸில் ஏற முடியவில்லை, ரோடெல்லாம் தூசி. அதைத் தின்றுதானோ என்னவோ, லேசாக இருமல். மிளகாய் வறுத்தால் முன்னைவிடத் தூக்கிப் போடுகிறது. ராகேல் சிரிக்க வைத்தால் இருமல். கோயிலில் சாம்பிராணி போட்டால் வெளியே போய் நிற்கிறேன். விடியலில் கடல் காற்று பட்டாலும் நெஞ்சுக்குள் ஒரு அரிப்பு. உடம்பு சூடு பிடித்திருக்கும், இளநீர் குடித்தால் சரியாகும்.

பிறகு, அந்த நீலம் தீர்ந்துபோயிற்று. மார்த்தாண்டம் வரை போக நேரமில்லை. அங்கே கிடைத்தால் ஒன்று வாங்கி அனுப்பு. அவசரமில்லை.

போன் ஒயரை எலி கடித்துவிட்டது. அத்தான் வந்துதான் சரிபண்ண வேண்டும்.

செசிலி அக்கா


பெங்களூரு
25 மார்ச் 2006

அக்கா,

நீலத்தைத் தனியாகக் கூரியரில் அனுப்பிவிட்டேன். இந்தக் கடிதம் அதைப் பற்றியதில்லை.

உன் கடிதத்தை ஆய்வகத்தில் வைத்து வாசித்தேன். மிளகாய், சிரிப்பு, சாம்பிராணி, குளிர்காற்று. இதைத்தான் தினமும் ஸ்பீக்கரில் கேட்கிறேன். ஸ்டீராய்டு இல்லாத நரம்பு இப்படித்தான் எல்லாவற்றுக்கும் அலறும். ஜனவரியில் நீ என்ன எழுதினாய்? மிளகாய் வறுக்கிறேன், ஒன்றும் செய்யவில்லை, அதிசயம் என்று எழுதினாய். இரண்டு மாதத்தில் அடங்கிய நரம்பு தூசியால் மட்டும் இப்படித் திரும்பாது.

தொண்டையும் தானாகத் திறந்ததாம். எப்படித் திறந்தது? வாய் கொப்பளிக்க ஆரம்பித்தாயா? நீலம் மூன்று மாதம் வர வேண்டியது, இத்தனை சீக்கிரம் எப்படித் தீர்ந்தது?

போன் ஒயரை எலி கடித்தது என்றாய். நேற்று அடித்தேன். நீ எடுத்தாய். "அலோ" என்றுகூடச் சொல்லாமல் வைத்துவிட்டாய். அந்த ஒரு நொடியில் எனக்கு ஏதோ சத்தம் கேட்டது, அது ஒயரின் இரைச்சல்தானா என்று இரவு முழுவதும் கிடந்து குழம்பினேன். ராகேல் அக்காவின் செல்லுக்குப் போட்டேன். "அவளுக்கு ஒண்ணும் இல்ல மக்கா, சந்தைக்கு வாறா போறா" என்று அவசரமாகச் சொல்லி வைத்தாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது என்பது உனக்கும் தெரியும்.

கடிதத்தில் மூச்சு கேட்காது. அதனால்தானே கடிதம்?

நேராகக் கேட்கிறேன். தவக்காலத்துக்கு எதை விட்டாய்?

ஜிஷா


சேசு மரி சூசை

மண்டைக்காடு புதூர்
31 மார்ச் 2006

ஜிஷாவுக்கு,

போலீஸ்காரி மாதிரி எழுதியிருக்கிறாய். நான் தூக்கி வளர்த்த பிள்ளை என்னைக் கேள்வி கேட்கிறது. கேள், சொல்கிறேன்.

ஆமாம், பழுப்பைத்தான் விட்டேன். திருநீற்றுப் புதனன்று மாதா காலடியில் வைத்தேன், பிறகு தொடவில்லை. நீலத்தை விடவில்லை, நான் ஒன்றும் பைத்தியம் இல்லை.

ஏன் என்று கேட்பாய். நீதானே எழுதினாய், அது நரம்பைத் தூங்க வைக்கிற மருந்து என்று? மரத்துப்போகிற ஊசியா என்று கேட்டதற்கும் ஆமாம் என்றுதானே எழுதினாய்? ஆண்டவரைச் சிலுவையில் அறைவதற்கு முன்னால் கசப்பு கலந்த திராட்சை ரசத்தைக் கொடுத்தார்கள். வலி தெரியாமல் இருக்கட்டும் என்றுதான் கொடுத்தார்கள். அவர் ருசி பார்த்துவிட்டு வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். வருடா வருடம் அதைப் பாட்டாகப் பாடுகிறவள் நான். என் நரம்பைத் தூங்க வைத்துவிட்டு அவர் பட்ட பாடுகளை நான் எப்படிப் பாடுவேன்? அது ஏமாற்று வேலை இல்லையா?

அம்மைக்கும் இதே இழுப்புதான். ஒரு மருந்தும் கிடையாது. அவள் புலம்பல் பாடினால் ஆண்கள்கூட முற்றத்தில் நின்று அழுவார்கள். அந்த மூச்சில் பாடு இருந்தது, மக்களே. கிறிஸ்துமஸுக்குப் பிறகு எனக்கு மூச்சு நன்றாக இருந்தது, நான் பாடினால் ரேடியோ பாடுவது போல இருந்தது.

எது இல்லாமல் முடியாதோ அதை விடு என்று சாமியார் சொன்னபோது எனக்கு நினைவு வந்தது அந்த மருந்துதான். வேறெதுவும் விட எனக்கு என்ன இருக்கிறது? டீயா? டீயை விட்டு உன் படிப்பைக் கேட்டால் ஆண்டவர் சிரிப்பார். நான் விட்ட பிறகுதானே உன் நரம்புகள் அடங்கின? நீயே எழுதினாய், உனக்கே தோன்றியது என்று. அப்புறம் ஏன் சண்டை பிடிக்கிறாய்?

போனை வைத்தது நான்தான். நீ கேட்டுவிடுவாய் என்று பயம். ராகேலைத் திட்டாதே, நான்தான் சத்தியம் வாங்கினேன்.

இன்னும் கொஞ்ச நாள்தான். ஈஸ்டர் காலையில் முதல் வேலையாக அதை எடுத்துவிடுவேன்.

செசிலி


பெங்களூரு
5 ஏப்ரல் 2006

அக்கா, என் அக்கா,

கூரியரில் அனுப்புகிறேன், கிடைத்தவுடன் வாசி. நின்றுகொண்டு வாசிக்காதே, உட்கார்.

தூங்க வைக்கிறது என்று நான் எழுதியது தப்பு. ராகேல் அக்காவுக்கு விளங்கட்டும் என்று ஒரு சொல்லைப் போட்டேன். மரத்துப்போகிற ஊசியா என்று நீ கேட்டபோது, பிராணிகளுக்கு நேரமாகிறது என்று ஆமாம் போட்டுவிட்டு எழுந்துபோனேன். நீ அந்தச் சொல்லைக் கொண்டுபோய்ச் சிலுவையடியில் வைப்பாய் என்று எனக்கு எப்படித் தெரியும்?

இப்போது சரியாகக் கேள். நம் வீட்டில் கருப்பன் என்று ஒரு நாய் இருந்ததே, நினைவிருக்கிறதா? காலில் மீன்முள் ஏறிச் சீழ் பிடித்திருந்தபோது சோறு வைக்கப் போன உன்னையே கடித்தது. முள்ளை எடுத்துப் புண் ஆறியதும் பழையபடி ஆனது. திருடன் வந்தால் குரைத்தது, நீ வந்தால் வாலாட்டியது. உன் மருந்தும் அவ்வளவுதான். மூச்சுக்குழாயில் ஒரு வீக்கம் இருக்கிறது. அந்த வீக்கத்தில் ஊறுகிற சில பொருள்கள்தான் நரம்பை வெறி பிடிக்க வைக்கின்றன. ஸ்டீராய்டு அந்த வீக்கத்தைப் பைய வற்ற வைக்கிறது. நரம்பு மரத்துப்போவதில்லை. தண்ணீர் புரை ஏறினால் நீ ஜனவரியிலும் இருமினாய், இல்லையா? உணர வேண்டியதை உணர்ந்துகொண்டுதான் இருந்தாய். அது கசப்பு கலந்த ரசமே கிடையாது. நீ மருந்தை நிறுத்தினால் நரம்பு உடனே கத்தாது. வீக்கம் மெல்ல மெல்லத் திரும்பும். நீலம் அந்த வீக்கத்தை ஒன்றும் செய்யாது, சுருங்கிய குழாயைக் கொஞ்ச நேரம் திறந்துவிடும், அவ்வளவுதான். அதனால்தான் நீலம் அடிக்கடி வேண்டியிருக்கிறது. ஒருநாள் நீலமும் கேட்காது. அந்த நாள் எது என்று யாராலும் சொல்ல முடியாது. என்னாலும் முடியாது.

அம்மையின் மூச்சில் பாடு இருந்தது என்கிறாய். அம்மையின் மூச்சு நின்றுபோனது, அக்கா. நீ என்னைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் நின்றாய். எனக்கு மூன்று வயது, எனக்கு நினைவில்லை என்று நினைக்கிறாய். உள்ளே கேட்ட சத்தம் எனக்கு நினைவிருக்கிறது. அது பாட்டு இல்லை.

சாமியாரிடம் போய்க் கேள். அல்லது கேட்காதே, இதை மட்டும் கேள். நீ எனக்காக நேர்ந்தாய். இப்போது நானும் நேர்கிறேன். நீ பழுப்பு மருந்தை எடுக்கிறாய் என்று தெரியும்வரை நான் ஆய்வகத்தில் கால் வைக்க மாட்டேன். இன்றைக்குப் போகவில்லை. பேராசிரியர் ஆள் அனுப்பினார், காய்ச்சல் என்றேன். பதிவுகள் பாதியில் கிடக்கின்றன. குழு என்னைத் துரத்தட்டும், நான் ஊருக்கு வந்து உன்னோடு கருவாடு விற்கிறேன். நீ விட்டது எனக்காக என்றால், எனக்கு அது வேண்டாம்.

ஜிஷா


சேசு மரி சூசை

மண்டைக்காடு புதூர்
9 ஏப்ரல் 2006, குருத்து ஞாயிறு

ஜிஷா,

இப்படியா செய்வது? வேலைக்குப் போ. உன் காலைப் பிடிக்கிறேன். போ.

அத்தான் கொச்சியிலிருந்து வந்துவிட்டார். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்குவதைப் பார்த்துவிட்டார். "எதுக்குட்டி இப்பிடி சுவர்ல சாரி ஒறங்குற?" என்று கேட்டார். முதுகு வலி என்றேன். உன் கடிதத்தை ஒளித்து வைத்திருக்கிறேன். அவருக்கு வாசிக்கத் தெரியும்.

நாயைப் பற்றி எழுதியது விளங்கியது. விளங்காமல் இல்லை. ஆனால் வாக்குக் கொடுத்தாகிவிட்டது. கொடுத்தது உன்னிடமில்லை. பாதி வழியில் எடுத்துக்கொண்டால், நாளைக்கு உன் குழுவில் ஏதாவது ஆனால், அது என்னால்தான் என்று நான் சாகும்வரை நினைப்பேன்.

இன்று குருத்தோலை பவனி. கோயில் வாசல் வரை போனேன். அப்புறம் உட்கார்ந்துவிட்டேன்.

எழுத எழுத மூச்சு வாங்குகிறது. இனி உன்னிடம் மறைத்து என்ன. பெரிய வெள்ளி ஒன்று கழியட்டும். நீ அனுப்பிய நீலம் இருக்கிறது.

வேலைக்குப் போ.

அக்கா


சேசு மரி சூசை

நாகர்கோவில், ஆஸ்பத்திரி
20 ஏப்ரல் 2006

என் மக்களே,

நேற்று நீ ரயிலுக்குக் கிளம்பும்போது நான் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். தூங்கவில்லை. கண்ணைத் திறந்தால் போக மாட்டாய் என்று தெரியும். நீ சனிக்கிழமை வந்ததிலிருந்து ஒரு வார்த்தை திட்டவில்லை. எனக்கும் மூக்கிலும் வாயிலும் குழாய், பேச முடியாது. நீ என் நெஞ்சையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். திட்டியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

நீ வருவதற்கு முந்தின நாள் என்ன நடந்தது என்று அத்தான் உன்னிடம் தன் பாட்டுக்கு ஏதோ சொல்லியிருப்பார். அவர் ஆண்கள் பக்கம் நின்றார், அவருக்குத் தெரியாது. நான் சொல்கிறேன்.

பாடினேன், ஜிஷா. அது பொய்யில்லை. போவதற்கு முன்னால் நீலத்தை இழுத்துவிட்டுப் போனேன். முதல் பகுதி முழுவதும் நின்றுகொண்டே பாடினேன். ஒவ்வொரு வரிக்கும் நடுவில் மூச்சு தேடிப் போக வேண்டியிருந்தது. முன்வரிசையில் அழுகிறார்கள். அம்மை மாதிரி பாடுகிறேன் என்று எனக்குள் ஒரு பெருமை. மறைக்கவில்லை, பெருமைதான்.

பிறகு அந்த இடம் வந்தது. கசப்பு கலந்த ரசத்தை நீட்டுகிறார்கள், மகன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். தாய் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். இத்தனை வருடம் பாடியிருக்கிறேன், அந்தப் பாட்டு முழுவதும் தாயின் வாயில்தான் இருக்கிறது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. நான் மகனையே நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் நினைத்தேன், அங்கே நிற்கிற தாய்க்கு எப்படி இருந்திருக்கும்? குடித்துவிடு மகனே, கொஞ்சமாவது குடித்துவிடு என்றுதானே அவள் வயிறு பதறியிருக்கும்? அவர் ஆண்டவர், அவர் திருப்பிக்கொள்ளலாம். நான் யார்? நீ பெங்களூரில் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்து, எடுத்துக்கொள் அக்கா, எடுத்துக்கொள் என்று கதறியது எனக்கு அப்போதுதான் கேட்டது.

அடுத்த வரியை எடுக்க வாயைத் திறந்தேன். காற்று வரவில்லை. நீலத்தை இடுப்பில் செருகியிருந்தேன். இழுத்தேன், கேட்கவில்லை. இன்னொரு தடவை, கேட்கவில்லை. நீ எழுதிய நாள் அதுதான் என்று தெரிந்தது. பயந்துவிட்டேன், மக்களே. என் வாழ்க்கையில் அப்படிப் பயந்ததில்லை. ராகேல்தான் அத்தானைப் பார்த்துக் கூப்பாடு போட்டாளாம், "இஞ்ஞாசி அண்ணே, ஓடி வாருங்க, இவளுக்கு மூச்சில்ல" என்று. பெரிய வெள்ளியன்று கோயிலில் யாரும் அப்படிக் கத்தியதில்லை. அத்தான் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினது வரை தெரியும்.

இங்கே கையில் ஏற்றினதும் ஸ்டீராய்டுதான் என்று நர்ஸ் சொன்னாள். நான் வேண்டாம் என்று வைத்ததையே ஊசி வழியாக ஏற்றியிருக்கிறார்கள். சாமியார் வந்து பார்த்தார். பிறகு, "மருந்த விடச் சொன்னது யாரு செசிலி? நானா, ஆண்டவரா?" என்று கேட்டார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

குழாயை எடுத்த அன்றைக்கு நீ பழுப்பை என் கையில் தந்து, நான் இழுத்து முடிக்கும்வரை உன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாய். கொப்பளிக்கத் தண்ணீரும் பிடித்தாய். பார்த்துவிட்டாய் அல்லவா? உன் நேர்ச்சை முடிந்தது. நாளைக்கே ஆய்வகத்துக்குப் போ.

என் நேர்ச்சைதான் முடிந்ததா இல்லையா என்று தெரியவில்லை. ஈஸ்டர் வரை என்று சொல்லியிருந்தேன், பெரிய வெள்ளியன்றே உடைந்துவிட்டது. அதற்கு உன் குழு என்ன செய்யுமோ. முடிவு என்னவானாலும் மறைக்காமல் எழுது.

அக்கா


பெங்களூரு
27 ஏப்ரல் 2006

அன்புள்ள அக்காவுக்கு,

குழு முடிந்தது. துரத்தவில்லை. ஆறு மாதம் கொடுத்திருக்கிறார்கள். வாய் திறக்காமல் கையெழுத்துப் போடுவார்கள் என்றாய், அது நடக்கவில்லை. கிழி கிழி என்று கிழித்துவிட்டுத்தான் போட்டார்கள். நான் வராத நாட்களில் கெட்டுப்போன பதிவுகளுக்குப் பேராசிரியரிடம் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இதில் உன் நேர்ச்சைக்கு ஒரு பங்கும் இல்லை. நன்றாகக் கேட்டுக்கொள், உடைந்ததற்கும் பங்கில்லை, காத்ததற்கும் பங்கில்லை.

அவர்களில் ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். ஸ்டீராய்டைக் கொடுத்தால் நரம்பு அடங்குகிறது, சரி, பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும்? எந்த வரிசையில் திரும்பும்? நான் யோசிக்கவே இல்லை. முதலில் நன்றாக இருப்பது போலத் தோன்றும், பிறகு காரத்துக்கு, பிறகு சிரிப்புக்கு, பிறகு புகைக்கு, பிறகு வெறும் காற்றுக்கு என்று சொல்லிக்கொண்டே போனேன். தரவு எங்கே என்று கேட்டார். ஆறு மாதத்தில் அதைச் செய்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பிராணிகளுக்கு நான் மருந்தை நிறுத்தப் போகிற நாளை இன்னும் நாட்காட்டியில் குறிக்கவில்லை.

ஊருக்கு வந்தபிறகு எப்படி இருக்கிறாய்? நன்றாக இருக்கிறேன் என்று எழுதுவாய். நான் நம்ப மாட்டேன். எனக்குக் கோபம் போய்விட்டது, பயம் போகவில்லை. விடுதியில் யாராவது இருமினால் எழுந்து உட்கார்கிறேன். நாள் முழுக்க முன்பின் தெரியாத பிராணிகளின் நரம்பைக் கேட்கிறவளுக்கு, சொந்த அக்காவின் மூச்சைக் கேட்கக் கொடுத்துவைக்கவில்லை.

இதற்குப் பதில் கடிதம் வேண்டாம்.

ஜிஷா


சேசு மரி சூசை

மண்டைக்காடு புதூர்
3 மே 2006

என் மக்களே,

வேண்டாம் என்றாலும் எழுதுகிறேன், இது கடைசி.

பழுப்பை மாதா காலடியிலிருந்து எடுத்து அடுக்களையில் உப்புச் சிரட்டைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். காலையில் அத்தான் கையில் தண்ணீரோடு நிற்கிறார், கொப்பளிக்காமல் விடுவதில்லை. அவர் கொச்சிக்குப் போனால் அந்த வேலையை எடுத்துக்கொள்வதாக ராகேல் சொல்லியிருக்கிறாள். வெற்றிலை திரும்பிவிட்டது, அவளுக்கு ஊரே அழகாகத் தெரிகிறது. எனக்குத் தொண்டை மறுபடி கரகரக்கிறது. கரகரக்கட்டும். அடுத்த வருடம் புலம்பலை வேறு யாராவது பாடட்டும், நான் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்கிறேன். இதை எழுதும்போது அழுகை வந்தது, அதையும் மறைக்கவில்லை.

மிளகாய் வறுத்தால் இன்னும் இருமல் வருகிறது. முன்னைவிடக் குறைவு. உண்மை.

நீ நம்ப மாட்டாய். நம்ப வேண்டாம். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் போன் பண்ணுவேன். நீ எடுத்ததும் நான் பேச மாட்டேன். கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் விடுவேன். நீ காதை வைத்துக் கேள். நன்றாகக் கேட்டு முடித்து, சரி அக்கா என்று நீ சொன்ன பிறகு பேசுவோம்.

செசிலி அக்கா